தோலும் ஊசியும்

2025ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பாரிஸ் நகரத்து ஏலக் கூடமொன்றில் பழைய கைப்பை ஒன்று 86 இலட்சம் யூரோ அளவுக்கு விலைபோயிற்று. கறுப்புத் தோலாலான பை அது. பல ஆண்டுகள் கையாளப்பட்டுக் கீறலும் தேய்வும் கண்டது. ஜேன் பேர்க்கின் என்னும் நடிகைக்கெனப் பிரான்ஸ் நாட்டு ஹெர்மெஸ் நிறுவனம் 1980களிற் செய்து கொடுத்த முதற்பை என்பதே அதன் பெருமை. நீலக்கல்லொன்று இவ்விலை பெற்றதென்றால் இரத்தினபுரி மாவட்டத்து நேயர்கள் பெரிதும் வியப்படையமாட்டார்கள். மாட்டுத் தோல் இவ்விலை பெறுவதென்றால் வியப்பு இயல்பே.

அவ்விலையின் பெரும்பகுதி புகழுக்கும் பெயருக்கும் உரியது. அதைப்பற்றிப் பேச நமக்கு அதிகமில்லை. ஆனால், அந்நிறுவனத்தார் தம் பைகளைக் குறித்துப் பெருமையாக எடுத்துச் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. இவை கையால் தைக்கப்பட்டவை, ஒரு நூலும் இரண்டு ஊசிகளும் ஒரு குத்தூசியும் கொண்டு தைக்கப்பட்டவை என்பதே அது. குத்தூசி ஏந்தி அமர்ந்திருந்த மனிதனைத் தமிழுலகம் எவ்வாறு நோக்கிற்று, பாரிஸ் எவ்வாறு நோக்கிற்று என்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு நீண்ட வரலாறு கண்முன் விரிகிறது. அவ்வரலாற்றின் முதல் ஏடு நாம் நினைப்பதினும் அண்மையில், குருவிட்டப் பகுதிக் காட்டிலே கிடக்கிறது.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருப்பது குருவிட்ட. ஒரு புறம் றப்பர், ஒரு புறம் தேயிலை, நடுவே குரு கங்கை. இங்கிருந்து எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரைப் பாதையும் உண்டு. அந்த மலையடிவாரக் காட்டிலே பட்டதொம்பலென என்னும் குகை இருக்கிறது. பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் முதலில் அகழ்ந்த அவ்விடத்தை, அவர் மைந்தர் சிரான் தெரணியகல 1979ஆம் ஆண்டு தொடங்கி மீண்டும் விரிவாக ஆராய்ந்தார். முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதர் அங்கே வாழ்ந்தனர் என்பது அவ்வாய்வுகளாற் புலனாயிற்று. மிகச் சிறிய கற்கருவிகள், சிப்பியில் இயற்றிய மணிகள், மனித என்புகள், உண்டு எறிந்த குரங்கு என்புகள், காட்டு நத்தை ஓடுகள் ஆகியவற்றோடு கூராகத் தீட்டப்பட்ட என்பு முனைகளும் அங்கே கிடைத்தன.

அவ்வென்பு முனைகள் எதற்குப் பயன்பட்டன? வேட்டைக்கே பெரிதும் பயன்பட்டிருக்கும் என்பது அறிஞர் கருத்து. ஆயினும் களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கல குகையில் எடுத்த இத்தகைய கருவிகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு நமக்கு முக்கியமானது. ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்ணடுக்கிலிருந்து தொடங்கும் அக்கருவிகளுட் பல அம்பு முனைகள் என்றும், வேறு சில விலங்குத் தோலையோ செடி நாரையோ பக்குவஞ் செய்யப் பயன்பட்டவை என்றும் அவர்கள் கண்டனர். தோலைத் துளைத்த கருவியின் நுனி ஒருவகையாகத் தேய்ந்து மெருகேறும், எய்த முனை வேறுவகையாகச் சிதையும் என்பதே இங்கே சான்று. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் மண்ணிலே தோல் நில்லாது. சில ஆண்டுகளிலே மக்கிவிடும். ஆதலின் அவர்கள் தைத்த பையோ போர்வையோ நம் கைக்கு எட்டவில்லை. துளைத்த என்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. சபரகமுவ மலைச்சாரலில் மனிதன் தோலைத் துளைக்கக் கற்றது பாரிஸ் என்றொரு ஊர் தோன்றுதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் என்று கொள்வதிற் பிழையில்லை.

இனிக் கடல் கடந்து பழந்தமிழகம் செல்வோம். புறநானூற்றின் 82ஆம் பாட்டு, சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவைச் சொல்லவந்த புலவர் அதற்கு உவமையாக எடுத்துக்கொள்வது ஒரு தோற்றொழிலாளியின் கையை. ஊரிலே விழாத் தொடங்கிவிட்டது; வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம்; மழை பெய்கிறது; பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே அவன் ஒரு கட்டிலுக்கு வார் பிணித்துக் கொண்டிருக்கிறான். வாரைச் செலுத்தும் அவ்வூசி எத்துணை விரைந்து ஓடியிருக்கும்! வேந்தனின் போருக்கு ஒப்பாக நிறுத்தும் அளவுக்குப் புலவர் அக்கைத்திறனை உற்று நோக்கியிருக்கிறார். ஆனால் அவனைச் சுட்டும் சொல்லோ இழிந்தவன் என்னும் பொருளுடையது. கையை வியந்த அதே பாட்டில் ஆளை இகழ்ந்த சொல்லும் நிற்கிறது. உரையாசிரியர்கள் இச்சொல்லைப் பெரும்பாலும் விரைந்து கடந்து விடுவர். நாம் அவ்வாறு கடத்தல் தகாது என்பது என் எண்ணம்.

சிலப்பதிகாரத்து இளங்கோவடிகள், புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்துத் துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்கிறார். அங்கே இகழ்ச்சி இல்லை. நகரத்தின் வளத்தைக் காட்டும் தொழில்களுள் அதுவும் ஒன்றாக நிற்கிறது. ஆயினும் பிற்காலத்திலே வழக்கு எப்பக்கம் சாய்ந்தது என்பதை நாம் அறிவோம். செருப்பும் சேணமும் ஏற்றச் சாலும் துருத்தியும் பறையும் இல்லாமல் வேளாண்மையுமில்லை, கொல்லுலையுமில்லை, கோயில் விழாவுமில்லை. இவையனைத்தும் தோலாலானவை. இவற்றைச் செய்தவர்களையோ ஊர்ப் புறத்தே சேரியில் நிறுத்தினார்கள். கவலைத் துருத்தியின் தோல்வாயிற் கொட்டிய நீர் வயலுக்குப் பாய்ந்தது. அதைத் தைத்தவன் ஊர்க் கிணற்றிலே நீரெடுக்கக் கூடாது என்றார்கள்.

தோலைத் தைப்பதற்கு முன் அதைப் பதனிட வேண்டும். பச்சைத் தோல் அழுகிவிடும். வெறுமனே உலர்த்தினாலோ பலகைபோல் விறைத்துவிடும். தமிழகத்தார் கண்ட வழி ஆவாரம்பட்டை. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்கி, சதையை வழித்து, பட்டையை ஊறவைத்த குழிகளிலே தோலைப் பல நாள் இட்டெடுப்பர். பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோலின் நார்களோடு இறுகப் பிணைந்து, அது அழுகாதவாறு காக்கும். பின்னர்க் கடுக்காய் நீரிலிட்டு நிறம் தெளியச் செய்து, எண்ணெய் தடவுவர். 19ஆம் நூற்றாண்டிலே இவ்வாறு அரைப்பதம் செய்த தோல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து பெருவாரியாக இலண்டனுக்குச் சென்றன. அங்கே மேற்பதம் செய்யப்பெற்றுக் காலணியாகவும் பையாகவும் பெட்டியாகவும் உருமாறின. ஆகவே, ஐரோப்பியச் சீமாட்டிகள் கையிலேந்திய பைகளுட் சிலவற்றிலாவது ஆவாரம்பட்டையின் துவர் இருந்திருக்கும். ஆனால் பையின் மேல் பொறித்த பெயர் மட்டும் வேறு.

1884இல் அமெரிக்காவிலே அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பினால் தோலைப் பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். பல வாரங்கள் எடுத்த வேலை சில நாட்களில் முடியலாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அல்பிரட் சற்றர்ட்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் இம்முறை சென்னைக்கு வந்தது. பல்லாவரத்துக்கு அருகே நிறுவப்பட்ட குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயராலேயே இன்றைய குரோம்பேட்டை விளங்குகிறது. 1948இல் அடையாற்றிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் உலகச் சந்தைக்குத் தோல் அனுப்பும் ஊர்களாயின. அதற்குப் பாலாறு கொடுத்த விலை பெரிது. ஆலைக் கழிவுநீரால் ஆறும் கிணறும் கெட்ட வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவனே அதைத் தீர்க்கும் செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை அந்நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. தொழில் வளர்ந்தது, பொருள் பெருகிற்று. குழியில் இறங்கி நின்றவனின் நிலை அதே விரைவில் உயரவில்லை.

இந்நிலையிலேதான் அம்மக்களிற் பலர் கடல் கடந்து இலங்கைக்கு வந்தனர். முதலிற் கோப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் றப்பருக்கும் ஆள் தேவைப்பட்டது. பஞ்சமும் கடனும் ஊரிலே துரத்தின. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் எண்ணற்றோரை வேரோடு பெயர்த்தது. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் பின்னே வந்தவர்களிற் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. தோற்றொழிலைக் குலத்தொழிலாகச் சுமந்த அருந்ததிய மக்களும் அவர்களுள் இருந்தனர். சபரகமுவ மலைகளிலே அவர்கள் கைக்கு வந்தது பால்வெட்டும் கத்தியும் கொழுந்துக் கூடையும். குத்தூசி ஊரிலேயே தங்கிவிட்டது. சாதியின் பெயர் மட்டும் லயக் காம்பிரா வரை கூடவே வந்தது.

தோட்டத்துப் பெண்ணுக்குக் கைப்பை இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. இடுப்பிலே செருகிய சுருக்குப் பையே அவளது கைப்பை. வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு, துண்டுச் சீட்டு யாவும் அதனுள் அடங்கும். சிங்கள மக்களிடத்திலும் வெற்றிலைப் பை உண்டு. கண்டிக் காலத்து வெற்றிலைப் பைகளின் பின்னல் வேலையை ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் வெளியான தமது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் மிக நுணுக்கமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். துணிப்பையின் தையலைக் கலை என்று பதிவு செய்ய அவரைப் போன்ற ஒருவர் வாய்த்தார். சேரியிலிருந்து வந்த தோற்றையலுக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை.

இனிப் பாரிசின் கதை. 1837இல் தியெரி ஹெர்மெஸ் என்பவர் அந்நகரிலே திறந்தது கைப்பைக் கடையன்று. குதிரைக்கு வாரும் கடிவாளமும் செய்யும் பட்டறை. பின்னர்ச் சேணமும் செய்தனர். ஓடும் குதிரையின் மேல் சேணத்தின் தையல் விட்டுப்போனால் ஏறியிருப்பவன் கழுத்து முறியும். ஆகவே அறுந்தாலும் விடாத தையல் வேண்டும். அதனாற் பிறந்தது அந்தச் சேணத் தையல். 20ஆம் நூற்றாண்டிலே மோட்டார் வாகனம் வந்து குதிரையை ஓட்டிவிட்டது. சேணம் வாங்குவோர் குறைந்தனர். அக்குடும்பத்தார் அதே கைகளையும் அதே ஊசிகளையும் பயணப் பைக்கும் பெண்கள் கைப்பைக்கும் திருப்பினர். 1956இல் மொனாக்கோ நாட்டு இளவரசியான கிரேஸ் கெலி, அவர்களுடைய பையொன்றை வயிற்றுக்கு முன்னே பிடித்து நின்ற படம் உலகெங்கும் பரவிற்று. 1977இல் அப்பைக்கு அவர் பெயரையே இட்டனர். அப்படம் பரவுதற்கு ஓராண்டு முன், 1955 பெப்ரவரியிலே, கோகோ ஷனெல் அம்மையார் தோளில் மாட்டும் சங்கிலி கொண்ட பையொன்றை வெளியிட்டுப் பெண்களின் கைகளுக்கு விடுதலை தந்தார் என்பர். கூடையைத் தலைக்கயிற்றிலே மாட்டி, இரண்டு கையாலும் கொழுந்து பறித்த தோட்டத்துப் பெண்ணுக்கு அவ்விடுதலை முன்னரே தெரியும்.

அச்சேணத் தையல் எவ்வாறு நிகழ்கிறது? நூல் ஒன்று, அதன் இரு முனையிலும் ஊசி ஒன்றொன்று. தைப்பவர் தோலை மரக்கவ்வியிலே இறுக்கி, கவ்வியை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொள்வார். குத்தூசியால் ஒரு துளை. அத்துளை வழியே வலக்கை ஊசி இடப்புறமும், இடக்கை ஊசி வலப்புறமும் போகும். இரண்டு நூலையும் ஒரே அளவாக இழுத்து இறுக்க வேண்டும். மீண்டும் அடுத்த துளை. தையல் இயந்திரமோ வேறுவகை. மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கியிட்டுப் பிடித்து நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால், இழுக்க இழுக்க அடுத்தடுத்த பிடிகள் கழன்றுகொண்டே போகும். சேணத் தையலிலே ஒரு நூல் அறுந்தாலும் மற்றது அதே துளைகள் வழியே ஓடிப் பிடித்துக்கொண்டிருக்கும். இயந்திரத்தை இகழ்வது என் நோக்கமன்று. சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. அந்த இயந்திரம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் தடித்த தோலையும், இழுபடும் கைப்பிடியையும் பொறுத்தவரை இரண்டு ஊசிகளின் வேலைக்கு ஈடில்லை.

நம்மூர்ச் செம்மான் தெருவோரத்திலே செருப்புத் தைப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். கொக்கியுள்ள குத்தூசியைச் செலுத்தி நூலை வாங்கி இழுப்பவரும் உண்டு. இரு முனையாலும் தைப்பவரும் உண்டு. கருவி, அமர்ந்திருக்கும் முறை, மெழுகிட்ட நூல், தோலைப் பார்த்தவுடனே அதன் நலம் தீது அறியும் கண் ஆகிய இவை பாரிஸ் பட்டறையிலும் தெருவோரத்திலும் ஒன்றே. அங்கே ஒரு கைவினைஞர் ஒரு பையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்வது வழக்கம். அதற்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்பர். அவருக்கு நாட்டின் கலைச்செல்வம் என்ற மதிப்பு உண்டு. இங்கே குடை நிழலும் இல்லாமல் நடைபாதையில் அமர்ந்திருப்பவருக்கு நாம் கொடுப்பது பேரம் பேசிக் குறைத்த கூலி.

2025 யூன் மாதத்திலே இதற்கு ஓர் உரத்த சான்று கிடைத்தது. இத்தாலி நாட்டுப் பிராடா நிறுவனம் மிலான் நகரில் நடத்திய ஆடவர் உடைக் காட்சியிலே தோற்செருப்புகள் சில தோன்றின. மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படும் கோலாப்பூர்ச் செருப்பின் அச்சே அவை. ஆனால் கோலாப்பூரின் பெயர் அங்கே சொல்லப்படவில்லை. அச்செருப்புக்கு 2019இலேயே புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தபின், அவை இந்தியக் கைவினையைத் தழுவியவை என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெரிய வீட்டின் பையைப் பார்த்து ஏழை ஒருத்தி தனக்கொரு பை தைத்துக்கொண்டால் அதைப் போலி என்று நகைக்கிறோம். ஏழையின் செருப்பைப் பார்த்துப் பெரிய வீடு செய்தால் அதற்குப் புதுப்பாணி என்று பெயர். இந்த வழக்கிலே எப்பக்கம் நியாயம் என்பதை நேயர்களே தீர்ப்பீர்கள்.

ஆகவே, குருவிட்டத் தோட்டப்புறத்து இளம்பெண் ஒருத்தி, பத்திரிகையிலே கண்ட பையைப் போலத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று விரும்பினால், அதை வீண் ஆசை என்று நான் தள்ளமாட்டேன். பிறருடைய பெயரையும் முத்திரையையும் பொறித்து விற்பது குற்றம். அது வேண்டவே வேண்டாம். பையின் அளவும், மடிப்பும், கைப்பிடி வளைவும், தையலும் கண்ணாற் கற்றுக்கொள்ளத் தக்கவை. அத்தையல், மேலே கண்டவாறு, பாரிசுக்கு மட்டும் உரியதன்று.

எவ்வாறு தொடங்கலாம்? முதலிலே தடித்த தாளில் அளவு வெட்டி, மடித்து, ஒட்டிப் பார்க்க வேண்டும். தாளிலே சரியாக நில்லாத பை தோலிலும் நில்லாது. பட்டையாற் பதனிட்ட தோல், ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ளது, முதற்பைக்கு ஏற்றது. அது மடித்த இடத்தில் நிற்கும், ஓரத்தை ஈரப்படுத்தி மரத்தால் தேய்த்தால் மெருகேறும். குரோமியத்தாற் பதனிட்டது மென்மையானது, நீரை ஓரளவு தாங்கும். ஆனால் ஓரம் மெருகேறாது. தையலின் வரியை முதலிலே கோடிட்டு, மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றருக்கு ஒரு துளையாக அடையாளமிட வேண்டும். துளைகள் ஒழுங்காக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது போலவே. நூல், தைக்கும் நீளத்துக்கு நான்கு மடங்காவது வேண்டும். அதைத் தேன்மெழுகிலே இரண்டு மூன்று முறை இழுத்துக்கொண்டால் துளையிலே வழுக்காமல் பிடிக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரே ஊசியை முதலிற் செலுத்துவதும், ஒரே அளவாக இழுப்பதும் முக்கியம். வரிசை மாறினால் தையலின் சாய்வு மாறி, பார்த்தவர் கண்ணிலே படும். முடிவுக்கு வந்ததும் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை அறுக்க வேண்டும். முடிச்சு வேண்டியதில்லை.

தோல் கிடைப்பது நம் நாட்டுச் சிற்றூர்களிலே எளிதன்று. செருப்புத் தொழிலுக்குத் தோல் விற்கும் நகரத்துக் கடைகளிலே வெட்டி எஞ்சிய துண்டுகள் நிறையளவிற் கிடைப்பதுண்டு. பெரிய துண்டுக்குக் காத்திராமல், சிறு துண்டிலே காசுப் பையொன்று தைத்துப் பழகுவது அறிவுடைமை. அருகிலே செருப்புத் தைக்கும் முதியவர் எவரேனும் இருந்தால், அரை நாள் அவர் பக்கத்திலே அமர்ந்து பார்த்தால், நான் இங்கே இத்தனை சொற்களாற் கூறியதை அவர் கை ஐந்து நிமிடத்திற் காட்டிவிடும். அவரை ஐயா என்று அழைத்து, கற்பித்ததற்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

இன்னொரு செய்தி, இப்பகுதிக்கே உரியது. குருவிட்டப் பிரதேசத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இவ்வீரத்திலே தோற்பையைப் பெட்டிக்குள் மூடிவைத்தால் ஒரு மாதத்திலே பூஞ்சணம் படரும். நனைந்த பையை அடுப்பருகே காயவைத்தலும் ஆகாது. தோல் விறைத்து வெடிக்கும். உலர்ந்த துணியாலே துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, காற்றோடும் நிழலிலே தொங்கவிட வேண்டும். தாள் ஈரமானால் மாற்ற வேண்டும். மழை விட்டபின் சிறிது எண்ணெயைத் துணியிலே தொட்டு மெல்லத் தேய்த்தால், தோல் மீண்டும் இளகி நிறங் கொடுக்கும்.